குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் வந்தது: எழுதி வைத்திருக்கிறீர்களா?

மேலூர் செல்வி (ஞாயிறு காலை)

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். அம்மாவுக்கு சுகர், சித்திக்கு பிரஷர், பெரியப்பா அட்டாக்கில் போனார். எந்த வயதில் வந்தது என்று கேட்டால்தான் பதில் வராது. அந்த வயதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

என் தம்பிக்கு 37 வயது. வேலை பார்க்கும் இடத்தில் உடல் பரிசோதனை நடந்தது. குடும்பத்தில் இதய நோய் உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. 'ஆம்' என்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். எங்கள் அப்பாவுக்கு முதல் அட்டாக் வந்தது 51 வயதில். பெரியப்பா இறந்தது 48 வயதில். தாத்தாவுக்கு 80 வயதில் நெஞ்சுவலி வந்தது. மூன்றும் அந்த ஒரே டிக்கில் அடங்கிவிட்டன. ஆனால் மூன்றும் ஒன்றல்ல. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பு, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பு இதய நோய் வந்திருந்தால் மருத்துவர்கள் அதைத் தனியாகவே கணக்கில் எடுக்கிறார்கள். 80 வயதில் வந்ததை அப்படி எடுப்பதில்லை.

அதனால் பொங்கலுக்கு எல்லோரும் கூடியபோது ஒரு நோட்டு எடுத்து உட்கார்ந்தேன். அப்பா வழி ஒரு பக்கம், அம்மா வழி ஒரு பக்கம். ஒவ்வொருவருக்கும் என்ன நோய், எந்த வயதில் தெரிந்தது, பீடி சிகரெட் புகையிலை உண்டா, இறந்திருந்தால் எந்த வயதில், எதனால் என்று எழுதினேன். பாதி இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உங்களில் யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? பெரியவர்களிடம் எப்படிக் கேட்டீர்கள்?

கோவை பாலா (ஞாயிறு மதியம்)

செல்வி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நம் ஊரில் சுகர் இல்லாத வீடு எது? யார் வீட்டு நோட்டை எடுத்தாலும் அதே சுகர், அதே பிரஷர்தான் இருக்கும். எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நடக்க வேண்டும், இனிப்பையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும். என் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் சுகர். இதை எழுதி வைத்தால் எனக்குப் பயம்தான் கூடும். எனக்கு 32 வயது, நன்றாகத்தான் இருக்கிறேன்.

செவிலியர் சித்ரா (ஞாயிறு மாலை)

பாலா தம்பி, நீங்கள் சொன்னதில் முதல் பாதி சரி. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வந்தன. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். சுகர் இல்லாத சொந்தபந்தம் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் எல்லோரும் செய்ய வேண்டியது ஒன்றுதான் என்பதை ஏற்க மாட்டேன். எப்போது ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

சென்னையில் டாக்டர் மோகனின் ஆராய்ச்சி மையம் 2005-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்று பெயர். ரத்தம் எடுக்காமலே போடலாம், ஒரு இஞ்ச் டேப் போதும். நான்கே விஷயங்கள்தான். வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-உம் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குக் கீழ், பெண்ணுக்கு 80-க்குக் கீழ் என்றால் 0. அதைத் தாண்டி அடுத்த 10 சென்டிமீட்டருக்குள் என்றால் 10. அதற்கும் மேல் 20. உடற்பயிற்சியும் உடலுழைப்பும் இரண்டும் உண்டு என்றால் 0, ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லை என்றால் 30. கடைசியாகப் பெற்றோர்: யாருக்கும் சுகர் இல்லை என்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. மொத்தம் 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம்.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 32 வயது, அதற்கு 0. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த வேலை, பயிற்சி இல்லை என்று வைத்துக்கொண்டால் 30. இடுப்பு 92 என்றால் 10. இதுவரை 40. அப்பா அம்மா இருவருக்கும் சுகர் என்பதால் இன்னொரு 20. வந்துவிட்டது 60. இதே உடம்பும் இதே வேலையும் உள்ள உங்கள் நண்பருக்கு, பெற்றோருக்குச் சுகர் இல்லை என்றால், 40-தான். அவர் கொஞ்சம் பொறுக்கலாம். நீங்கள் இந்த மாதமே பார்க்க வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்கிறீர்கள். சுகர் பல வருடம் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளே இருக்கும். கண்ணிலும் காலிலும் தெரியும்போது தாமதமாகிவிடும்.

இடுப்பை அளக்கும்போது பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது.

கோவை பாலா (ஞாயிறு இரவு)

அளந்தேன் அக்கா. 96. வெறும் வயிற்றில் பார்க்கச் செவ்வாய்க்கிழமை லேபுக்குப் போகிறேன்.

தஞ்சை முத்துசாமி (திங்கள் காலை)

பிள்ளைகளே, எனக்கு 71 வயது. பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது என்று செல்வி கேட்டிருக்கிறார். அவர்கள் ஏன் சொல்வதில்லை என்று முதலில் சொல்கிறேன். என் தலைமுறையில் நோயை வெளியே சொன்னால் வீட்டுப் பெண்களுக்கு வரன் அமையாது என்ற பயம் இருந்தது. காசநோய், புற்றுநோய், வலிப்பு, மனநோய், இவற்றையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்கள். "வயிற்றில் கட்டி இருந்தது, போய்விட்டார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படி மறைத்தவர்களைக் குறை கூற முடியாது. நிச்சயம் ஆகும் நேரத்தில் பேச்சு முறிந்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

அதனால் "என்ன நோய்" என்று நேராகக் கேட்காதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். யாருக்காவது காலில் ஆறாத புண் வந்து விரலை எடுத்தார்களா? யாருக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைத்தார்கள்? ஒரு பக்கம் கை கால் விழுந்தவர் யார்? அடையாறுக்குக் கூட்டிப்போனது யாரை? மருந்து டப்பாவில் என்ன மாத்திரை இருந்தது? இப்படிக் கேட்டால் கதையாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். எங்கள் வீட்டில் அத்தைதான் களஞ்சியம். யாருக்குக் குழந்தை பிறந்த வருஷம் யார் படுத்தார் என்று வரிசையாகச் சொல்வார். வயது தெரியாவிட்டால் கல்யாணம், புயல், தேர்தல் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டுவிடலாம்.

வீட்டில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் கவர் இருந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். இறந்தவருடையது என்றாலும் வைத்திருங்கள்.

தூத்துக்குடி ஜெனி (திங்கள் மதியம்)

ஐயா சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. என் அத்தைக்கு (அப்பாவின் தங்கை) 42 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை எடுத்து இப்போது நன்றாக இருக்கிறார். அப்பாவின் அம்மா 50 வயதை ஒட்டி இறந்தார். கர்ப்பப்பையில் கட்டி என்றுதான் சொல்வார்கள். போன வாரம் அத்தையிடம் விசாரித்தபோது அது சினைப்பைப் புற்றுநோய் என்றார். என் அம்மா, "அதெல்லாம் உங்கள் அப்பா வழி, உனக்கு வராது, எங்கள் பக்கம் யாருக்கும் இல்லை" என்கிறார். எனக்கு 33 வயது. அம்மா சொல்வது சரியா?

நெல்லை மருத்துவர் (திங்கள் இரவு)

பொது மருத்துவராக 20 வருடத்துக்கும் மேலாக இருக்கிறேன். ஜெனியின் கேள்விக்கு முதலில் வருகிறேன்.

அம்மா சொல்வது சரியல்ல. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களில் ஏற்படும் மாற்றம் மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் இரண்டுக்கும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டும். அந்த மாற்றம் தாயிடமிருந்தும் வரும், தந்தையிடமிருந்தும் வரும். யாரிடம் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் போய்ச் சேர 50 சதவீத வாய்ப்பு. ஆண் அதைச் சுமந்துகொண்டு எந்த நோயும் இல்லாமல் இருக்கலாம், மகளுக்குக் கொடுத்துவிடலாம். அப்பா வழியை விட்டுவிட்டு அம்மா வழியை மட்டும் சொல்லும் பெண்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். இதனால்தான் செல்வி இரண்டு பக்கமாக எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் குடும்பத்தில் ஒரே வழியில் இரண்டு பேர், ஒருவருக்கு மார்பகம், ஒருவருக்குச் சினைப்பை, அதுவும் 42 வயதில். இதற்கு மரபணு ஆலோசனை கட்டாயம் தேவை. பரிசோதனையை உங்களிடமிருந்து தொடங்க வேண்டாம். நோய் வந்து குணமான அத்தை உயிரோடு இருக்கிறார் அல்லவா, அவரிடம் முதலில் செய்வதே சரி. அவரிடம் மாற்றம் இருக்கிறதா, எந்த மாற்றம் என்று தெரிந்தால்தான் மற்றவர்களிடம் அதை மட்டும் தேடலாம். உங்களுக்கு முதலில் செய்து 'இல்லை' என்று வந்தால் அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான் இப்படிப் பரம்பரையாக வருவது. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதால் மற்ற பெண்கள் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

பெருங்குடல் புற்றுநோயிலும் வயதுதான் பேசும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு, இதில் எது முந்துகிறதோ அப்போது கொலனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) தொடங்கச் சொல்கிறோம். அப்பாவுக்கு 45 என்றால் மகனுக்கு 35. வயது தெரியாவிட்டால் இந்தக் கணக்கையே போட முடியாது.

செல்வியின் தம்பிக்கு: இன்டர்ஹார்ட் என்று 52 நாடுகளில் நடந்த ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிடச் சுமார் ஆறு வருடம் முன்னதாக வந்தது தெரிந்தது. அட்டாக் வந்த தெற்காசியர்களில் பாதிப் பேருக்கு 53 வயதுக்குள்ளேயே வந்தது, மற்றவர்களில் பாதிப் பேருக்கு 59 வயதுக்குள். நம் ஆட்களுக்கே சீக்கிரம் வரும், அதிலும் உங்கள் வீட்டில் 51-உம் 48-உம். தம்பி கொழுப்பு அளவு முழுவதையும் பார்க்கட்டும். எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 190-க்கு மேல் இருந்தால் அது 'பரம்பரைக் கொழுப்பு மிகுதி' என்ற நோயாக இருக்கலாம். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் நோய் இது, பெரும்பாலோருக்குக் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. ஒல்லியாக இருப்பவருக்கும், எண்ணெய் தொடாதவருக்கும் வரும். சிலருக்குக் குதிகால் பின்புறத் தசைநார் தடித்திருக்கும். எல்பி(ஏ) என்ற இன்னொரு வகைக் கொழுப்புக்கும் ஒரு சோதனை இருக்கிறது. அது பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது, வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும்.

இரவுப்பணி அருண் (செவ்வாய் அதிகாலை)

நான் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவன். அப்பா அம்மா யார் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் குடும்ப வரலாறு கேட்கும்போதெல்லாம் 'தெரியாது' என்று எழுதுகிறேன். என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?

செவிலியர் சித்ரா (செவ்வாய் காலை)

அருண், 'தெரியாது' என்றே எழுதுங்கள், அதுதான் சரியான பதில். 'இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இரண்டுக்கும் மருத்துவர் எடுக்கும் முடிவு வேறு. தெரியாது என்றால் இருக்கலாம் என்று எண்ணி முன்கூட்டியே சோதிப்பார்கள். 30 வயது ஆனதும் ரத்த அழுத்தம், சுகர், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தமும் சுகரும் இலவசமாகவே பார்ப்பார்கள். தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். நீங்கள் இரவு வேலை, பகலில் தூங்கிக்கொண்டிருந்தால் தவறிவிடும். நீங்களே ஒரு முறை போய்ப் பதிந்துவிடுங்கள். எடுக்கும் அளவுகளைத் தேதியோடு எழுதி வையுங்கள். நாளை உங்கள் பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்கும்போது அவர்களுக்குப் பதில் இருக்கும்.

கோவை பாலா (புதன் மாலை)

முடிவு வந்தது. வெறும் வயிற்றில் 114, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) 6.1. இன்னும் சுகர் இல்லை, ஆனால் வாசலுக்கு வந்துவிட்டது என்றார் டாக்டர். ஒரு கேள்வி. இது மரபணு என்றால் நான் நடந்து என்ன ஆகப்போகிறது? மரபணு இல்லை, ஒரே வீட்டுச் சாப்பாடுதான் காரணம் என்றால் குடும்ப வரலாறு என்று ஏன் தனியாகப் பேச வேண்டும்?

நெல்லை மருத்துவர் (புதன் இரவு)

இரண்டும்தான் பாலா. பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அப்பா அம்மாவிடமிருந்து கணையத்தின் தன்மையும் வந்திருக்கும், மூன்று வேளையும் அரிசி என்ற பழக்கமும் வந்திருக்கும், சாப்பிட்டதும் படுக்கும் வழக்கமும் வந்திருக்கும். குடும்ப வரலாறு என்ற ஒரு கேள்வி இவை எல்லாவற்றையும் சேர்த்தே பிடிக்கிறது.

நடந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவின் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, முடிவு வெளியானது 2006-இல். உங்களைப் போலவே சுகருக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்துவிட்டது. நடையும் உணவு மாற்றமும் தொடர்ந்து சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை கொடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவு. முழுதாகத் தடுத்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன், எண்ணே அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாத்திரை செய்யும் வேலையை நடையும் சாப்பாடும் செய்தன. உங்களிடம் 6.1 இருக்கும்போதே இது தெரிந்தது பெரிய விஷயம்.

சாப்பாட்டை நீங்கள் மட்டும் மாற்றாதீர்கள், தனிச் சமையல் நான்கு நாளில் நின்றுவிடும். பிரஷர் உள்ள வீட்டுக்கும் இதுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் சேர்த்து. அப்பாவுக்கு மட்டும் உப்பைக் குறைத்துவிட்டுப் பிள்ளைகள் தட்டில் அப்பளம் வைத்தால், அடுத்த பிரஷர் நோயாளியை அதே வீட்டில் வளர்க்கிறோம் என்றுதான் அர்த்தம்.

மேலூர் செல்வி (வியாழன் காலை)

டாக்டர், மிக்க நன்றி. தம்பி கொழுப்பு பார்த்தான். எல்டிஎல் 204. இதய மருத்துவரைப் பார்த்து மாத்திரை தொடங்கியாகிவிட்டது. அவன் பிள்ளைகளுக்கு 9, 6 வயது. பெரியவனுக்கு இப்போதே பார்க்கச் சொன்னார். எனக்கும் பார்க்க வேண்டுமாம். பெரியப்பா பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். இருவரும் 40-ஐத் தாண்டியவர்கள், இதுவரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

நோட்டை எழுதும்போது விட்டுப்போன ஒன்று: தம்பி மனைவிக்கு இரண்டாவது பிரசவத்தின்போது சுகர் வந்து, குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது. அதையும் எழுத வேண்டுமா?

செவிலியர் சித்ரா (வியாழன் மதியம்)

கட்டாயம் எழுத வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கர்ப்பகாலச் சுகர் வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் சுகர் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும், அந்தக் குழந்தைக்கும் கூடும். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகு ஒன்று முதல் மூன்று வருடத்துக்குள் ஒரு முறை, ஆயுள் முழுக்க. தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துகிறோம், கர்ப்பகால ஏட்டை எங்கேயோ போட்டுவிடுகிறோம். இந்தச் சோதனையை நாடு முழுக்கக் கொண்டுபோகப் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் தேசியக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு நாம் இதை விடலாமா?

கண் அழுத்த நோயையும் சேருங்கள். அப்பா அம்மாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ கிளாக்கோமா இருந்தால் 40 வயதுக்குப் பிறகு கண்ணாடி கடையில் பவர் பார்ப்பது போதாது. கண் மருத்துவரிடம் அழுத்தமும் நரம்பும் பார்க்க வேண்டும். போன பார்வை திரும்பாது.

தஞ்சை முத்துசாமி (வியாழன் மாலை)

ஒரு வேண்டுகோள். இந்த நோட்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். குழுவில் சம்பந்தி வீட்டாரும் இருப்பார்கள். தன் நோயை யாரிடம் சொல்வது என்பது அவரவர் உரிமை. சொன்னவரிடம், "இதை நம் பிள்ளைகள் டாக்டரிடம் காட்டலாமா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கேட்காமல் பரவினால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார்கள்.

தூத்துக்குடி ஜெனி (சனி காலை)

அத்தையிடம் பேசினேன். முதலில் தயங்கினார், தன்னால் எங்களுக்கு வந்துவிடுமோ என்று அழுதார். உங்கள் பரிசோதனையால்தான் எங்களுக்கு வழி தெரியும் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் மரபணு ஆலோசகரைப் பார்க்கிறோம். டாக்டர், அத்தைக்கு 'ஆம்' என்று வந்தால் அடுத்து நானா? அண்ணனுக்கு இது தேவையில்லைதானே?

நெல்லை மருத்துவர் (சனி மாலை)

அடுத்து உங்கள் அப்பா. அவரிடம் அந்த மாற்றம் இல்லை என்றால் உங்களுக்கும் அண்ணனுக்கும் அது வர வழியில்லை, மற்ற பெண்களைப் போலச் சாதாரணப் பரிசோதனைகளே போதும். இருக்கிறது என்றால் நீங்களும் அண்ணனும் இருவருமே பார்க்க வேண்டும். பிஆர்சிஏ2 மாற்றம் உள்ள ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது, அபூர்வமாக மார்பகப் புற்றுநோயும் வரும். அண்ணனுக்கு மகள் இருந்தால் அவளுக்காகவும் தெரிந்திருக்க வேண்டும். அத்தைக்கு 'இல்லை' என்று வந்தாலும் வந்து பாருங்கள், 42 வயது என்ற தகவல் அப்படியே இருக்கிறது. மம்மோகிராமை (மார்பக எக்ஸ்ரே) எப்போது தொடங்குவது என்று அதை வைத்து முடிவு செய்வோம்.

தூத்துக்குடி ஜெனி (சனி இரவு)

அண்ணனுக்கு இரண்டு மகள்கள். இன்றே பேசிவிட்டேன், அப்பாவும் வருகிறேன் என்கிறார்.